பெருங்குடலுக்குள் ஏஐ: கருவியின் பெயர் போதுமா?

போலந்தில் நான்கு குடல் பரிசோதனை மையங்களுக்கு 2021 இறுதியில் ஏஐ கருவி வந்து சேர்ந்தது. பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியைச் செய்யும்போது திரையில் பாலிப் தென்பட்டால், அதைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டும் கருவி அது. அங்கே வேலை பார்த்த 19 மருத்துவர்களும் கற்றுக்குட்டிகள் அல்லர். ஒவ்வொருவரும் 2,000-க்கு மேல் கொலோனோஸ்கோப்பி செய்து கை பழகியவர்கள். கருவி வருவதற்கு முந்தைய மூன்று மாதங்களில், தாங்கள் பரிசோதித்தவர்களில் 28.4% பேருக்கு அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை) இருப்பதை இவர்கள் கண்டுபிடித்தார்கள். கருவி வந்த பிறகு, அதன் துணையில்லாமல் செய்த பரிசோதனைகளில் இந்த அளவு 22.4% ஆகக் குறைந்தது. 2025 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் இந்த ஆய்வு வெளியானதும், ஏஐ மருத்துவர்களின் திறமையை மழுங்கடிக்கிறது என்று உலகப் பத்திரிகைகள் தலைப்புப் போட்டன.

தலைப்புக்கு வராத இரண்டு விஷயங்கள் அதே ஆய்வில் உண்டு. கருவியின் துணையோடு செய்த பரிசோதனைகளில் அடினோமா கிடைத்தது 25.3% பேருக்கு. கருவியே இல்லாத முந்தைய மூன்று மாதங்களைவிட இதுவும் குறைவுதான். அடுத்தது, ஆய்வுக் கணக்கில் வந்த பரிசோதனைகளின் எண்ணிக்கை: கருவிக்கு முன் 795, பின் 1,382. அதே மையங்கள், அதே மூன்று மாதக் கால அளவு, ஏறக்குறைய இரு மடங்கு வேலை. சரிவுக்குக் காரணம் வேலைப்பளுவா, கருவியை நம்பிக் கண்ணைத் தளர்த்திய பழக்கமா, வந்த நோயாளிகளே வேறு மாதிரியானவர்களா என்பதை இந்த ஆய்வின் அமைப்பை வைத்து அறுதியிட முடியாது. ஏஐ நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றச் சத்தத்தில் இந்த எண்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இவைதான் முக்கியமாகப் படுகின்றன. பரிசோதனை அறைக்குள் கருவியைத் தவிர வேறு பல விஷயங்களும் இருக்கின்றன என்பதை இவை நினைவூட்டுகின்றன.

எதைத் தேடுகிறார்கள்?

பெருங்குடலின் உள்சுவரில் தோன்றும் சிறு சதை வளர்ச்சிதான் பாலிப். பல பாலிப்கள் எந்தத் தொந்தரவும் தராதவை. அடினோமா என்ற வகைதான் முக்கியமாகக் கவலைக்குரியது. அதிலும் பெரும்பாலானவை அப்படியே கிடந்துவிடும். சில, பத்தாண்டு போலக் காலமெடுத்துப் புற்றுநோயாக மாறும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. அந்த அவகாசத்துக்குள் பாலிப்பை எடுத்துவிட்டால் புற்றுநோய்க்கான பாதையே அடைபட்டுப்போகும்.

வயிற்றைக் கிழிக்காமல் அதை எடுக்க முடியும் என்று 1969-ல் நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும் காட்டினார்கள். வளையும் குழாய் வழியே கம்பிச் சுருக்கை உள்ளே விட்டு, பாலிப்பின் காம்பில் மாட்டி, மின்சாரத்தால் அறுத்தார்கள். (வளையும் குழாய்க்குள் உருவத்தைக் கடத்தும் கண்ணாடி இழை நுட்பத்தை 1954-ல் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் விளக்கியவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. நம் பாடப்புத்தகங்களில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.) அடினோமாக்களை எடுத்துக்கொண்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க தேசிய பாலிப் ஆய்வு, அவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய் மரணம் பொதுமக்களிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட 53% குறைவு என்று 2012-ல் சொன்னது.

இதெல்லாம் பாலிப் கண்ணில் பட்டால்தான். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு முறை கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்த ஆய்வுகளில், முதல் முறை தவறவிட்டவை நான்கில் ஒன்று என்ற அளவில் இருந்தன. தவறுவது எப்படி என்பதை அறைக்குள் போய்ப் பார்த்தால் புரியும். நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். குழாய் முழு நீளமும் போய்ப் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை எட்டியாயிற்று. சுவரைப் பார்ப்பது பெரும்பாலும் இனிமேல்தான். குழாயை மெல்லப் பின்னுக்கு இழுத்தபடியே பார்க்க வேண்டும். குடலோ நேரான குழாய் கிடையாது. மடிப்பு மடிப்பாக, சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். மடிப்புக்குப் பின்னால் ஒளிந்ததைக் காண முனையை வளைத்துத் திருப்ப வேண்டும். மஞ்சள் நீர் தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். தட்டையான சில பாலிப்கள் சளிப்படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு சுவரின் நிறத்திலேயே இருக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால்தான் விளிம்பு தெரியும். காலையில் முதல் நோயாளிக்கு இருக்கும் பொறுமை, வரிசையில் கடைசியாக வரும் நோயாளி வரை தாங்குமா?

ஏஐ பெட்டி என்ன செய்கிறது?

இந்த இடத்தில்தான் ஏஐ நுழைகிறது. பாலிப் உள்ள படங்களையும் இல்லாத படங்களையும் ஆயிரக்கணக்கில் காட்டி அதைப் பழக்குகிறார்கள். சீனாவின் செங்டு நகரில் பு வாங் குழுவினர் உருவாக்கிய கருவி 1,290 நோயாளிகளின் 5,545 படங்களைக் கொண்டு பழக்கப்பட்டது. பழகிய பிறகு, நேரடிக் காணொளியின் ஒவ்வொரு சட்டகத்தையும் அது அலசும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தைக் கட்டம் கட்டிக் காட்டும். கண் சிமிட்டாது, களைக்காது, பக்கத்தில் யாரோ பேசினால் திரும்பிப் பார்க்காது. செங்டுவில் 1,058 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2019-ல் வந்தது: அடினோமா கண்டறியும் விகிதம் கருவி இல்லாமல் 20.3%, கருவியோடு 29.1%. இத்தாலியில் 685 பேரிடம் நடந்த ஆய்வில் இது 40.4%-லிருந்து 54.8%-க்கு ஏறியது. அந்த இத்தாலிய ஆய்வில் பயன்பட்ட ‘ஜிஐ ஜீனியஸ்’ கருவிக்குத்தான் 2021 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. கொலோனோஸ்கோப்பியின்போதே பாலிப்பைக் கண்டுபிடிக்க உதவும் ஏஐ கருவிக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அது. 21 சோதனைகளைச் சேர்த்து, 18,232 பேரின் விவரங்களை 2023-ல் தொகுத்துப் பார்த்தபோது 35.9%, 44% என்று கணக்கு வந்தது.

மருத்துவத்தில் ஏஐ என்று பேசப்படும் பலவற்றுக்கு இவ்வளவு முறையான சோதனைகளின் பின்பலம் கிடையாது. அந்த வகையில் இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தவறான எச்சரிக்கைகளும் பயந்த அளவுக்குத் தொல்லையாக இல்லை. ஒரு பரிசோதனையில் சராசரியாக 27 முறை கருவி வீணாகக் கட்டம் போட்டதாக இத்தாலியக் குழு எண்ணிச் சொன்னது. பெரும்பாலும் மடிப்பு, சில நேரம் நுரைக்குமிழி அல்லது ஒட்டியிருக்கும் மலத்துணுக்கு. அனுபவமுள்ள மருத்துவர் அரை நொடியில் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்.

ஆனால் முறத்துக்கே வராத அரிசியில் கல் பொறுக்க முடியாது. மடிப்பின் பின்புறத்தை மருத்துவர் திருப்பிக் காட்டவில்லை என்றால், அங்கே பாலிப் இருந்தாலும் கருவிக்கு அது இல்லாததுதான். குடல் சரியாகச் சுத்தமாகவில்லை என்றால், கருவி பார்ப்பது மலத்தை. குழாயை விறுவிறுவென்று இழுத்துவிட்டால் காட்சிகளும் விறுவிறுவென்று ஓடிவிடும்.

இதை நிரூபிப்பதுபோல இன்னொரு ஏஐ சீனாவின் வூஹானில் பிறந்தது. ‘எண்டோஏஞ்சல்’ என்று பெயர். 2020-ல் இதன் சோதனை வெளியானபோது நான் பார்த்த வரையில் நம் ஊடகங்களில் பேச்சே இல்லை. இந்தச் சோதனையில் கருவி பாலிப்பைத் தேடவில்லை. மருத்துவர் குழாயை எவ்வளவு வேகமாக இழுக்கிறார், எவ்வளவு நேரம் செலவிடுகிறார், குழாய் வழுக்கி எந்தப் பகுதியைப் பார்க்காமல் விட்டார் என்பதைக் கவனித்துச் சொன்னது, அவ்வளவே. சுமார் 700 பேரிடம் சோதித்ததில் அடினோமா கண்டறியும் விகிதம் 8%-லிருந்து 16% ஆனது. நிதானமாகப் பார் என்று யாராவது தோளில் தட்டிக்கொண்டே இருந்தாலே கண்டுபிடிப்பு இரட்டிப்பாகும் என்றால், குறை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். என் பார்வையில் கட்டம் போடும் கருவிகளைவிட இந்தக் கருவி நேர்மையானது. ஆனால் மருத்துவரை மேற்பார்வை பார்க்கும் இயந்திரத்தை விளம்பரத்தில் போட எந்த மருத்துவமனைக்கும் ஆசை இருக்காது.

மருத்துவருக்கு மருத்துவர் எவ்வளவு தூரம்?

கலிஃபோர்னியாவில் 136 குடல்நோய் நிபுணர்கள் செய்த 3,14,872 கொலோனோஸ்கோப்பிகளை அலசிய ஆய்வு 2014-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. ஒரு மருத்துவரின் அடினோமா கண்டறியும் விகிதம் 1% கூடினால், அவரிடம் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்குப் பின்னாளில் பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து 3% குறைகிறது என்றது. அந்த விகிதத்தை இத்துறையின் தராசாக நிலைநிறுத்திய ஆய்வு என்று இதைச் சொல்லலாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அதிலுள்ள வேறொரு தகவல். மிகக் குறைவாகக் கண்டுபிடித்த மருத்துவரின் விகிதம் 7.4%, மிக அதிகமாகக் கண்டுபிடித்தவருடையது 52.5%. ஒரே மருத்துவ நிறுவனத்துக்குள் இந்த வித்தியாசம்!

இதோடு ஏஐ தரும் உயர்வை வைத்துப் பாருங்கள். தொகுப்பாய்வின்படி எட்டு புள்ளிகள். மருத்துவருக்கும் மருத்துவருக்கும் இடையிலோ நாற்பத்தைந்து புள்ளிகள். நோயாளிக்குக் கிடைக்கும் பலனில் கருவி இருக்கிறதா இல்லையா என்பதைவிட, குழாயைப் பிடித்திருப்பவர் யார் என்பது பல மடங்கு முக்கியம். இந்த விவாதத்தில் நான் எடுக்கும் நிலைப்பாடும் இதுதான்.

மேலும், கருவி கூடுதலாகக் கண்டுபிடிப்பவை எவை? பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பாலிப்கள். அவற்றில் மிகப் பலவும் நோயாளியின் ஆயுளில் புற்றுநோயாகப் போவதில்லை. பெரிய, முற்றிய வகைப் பாலிப்கள்தான் உடனடி ஆபத்து. ஸ்பெயினில், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் பரிசோதனையில் சந்தேகத்துக்கு உள்ளான 3,213 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. முற்றிய வகைக் கட்டிகள் கருவியோடு 34.8% பேருக்கும், இல்லாமல் 34.6% பேருக்கும் கிடைத்தன. வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஏற்கெனவே அனுபவசாலிகள், ஏற்கெனவே சலித்தெடுத்த நோயாளிகள். அங்கே பெட்டிக்குச் செய்ய அதிகம் மிச்சமில்லை.

சிறியவற்றையும் எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். எடுத்த ஒவ்வொன்றும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். எண்ணிக்கை கூடினால், மூன்றாண்டில் திரும்ப வாருங்கள் என்று சொல்லப்படுவோர் பட்டியலும் நீளும். ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், அமெரிக்க வழிகாட்டுதலின்படி இப்படித் தீவிரக் கண்காணிப்புக்கு உள்ளாவோர் 8.4%-லிருந்து 11.3% ஆகக் கூடினர். மறுபடி பேதி மருந்து, மறுபடி மயக்கம், மறுபடி செலவு. பலன் உறுதியாகத் தெரியாத இடத்தில் செலவு மட்டும் உறுதியாகத் தெரிகிறது.

அதனால்தான் 2025-ல் நிபுணர் குழுக்களே ஒத்துப்போகவில்லை. ‘பிஎம்ஜே’ இதழின் வழிகாட்டுதல் குழு, வழக்கமான பயன்பாடாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று, அழுத்தம் குறைந்த பரிந்துரையாகச் சொன்னது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் இதைத் தயக்கமாக நினைக்கவில்லை. இந்தக் கருவி புற்றுநோய் மரணத்தைக் குறைத்தது என்று காட்ட இன்னும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதே நிலவரம்.

நம் ஊர் நிலவரம்

லேசர் என்றாலே நம்பிப் போன காலம் ஒன்று நம்மிடம் இருந்தது. பிறகு ரோபோ. இப்போது ஏஐ. பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் இந்தக் கருவி வரத் தொடங்கிவிட்டது. வரட்டும். ஆனால் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

உலகில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோய்க்கு மூன்றாம் இடம். உயிரைப் பறிப்பதில் இரண்டாம் இடம். இந்தியாவில் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். அடினோமாவும் மேலைநாட்டவரைவிட நம்மவர்களுக்குக் குறைவு. அங்கே நோய் அறிகுறியே இல்லாதவர்கள் வயதைக் கணக்கிட்டுப் பரிசோதனைக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் 2021 முதல் அந்த வயது 45. ஜப்பான் 1992-லேயே மலப் பரிசோதனையை நாடு தழுவிய திட்டமாக்கிவிட்டது. இங்கிலாந்தில் அதற்கான சிறு குப்பி வீட்டுக்கே தபாலில் வருகிறது. இந்தியாவின் அரசுத் திட்டம் தேடிப் பிடிப்பது வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களை. பெருங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே கொலோனோஸ்கோப்பி மேசைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் ரத்தப்போக்கோ, மாறிப்போன மலப்பழக்கமோ, காரணம் தெரியாத ரத்தசோகையோ உள்ளவர்கள். ஆரோக்கியமானவர்களிடம் சின்னஞ்சிறு பாலிப்பைத் தேடும் கருவி இவர்களில் பலருக்குத் தாமதமாக வந்த விருந்தாளி.

தாமதத்துக்குக் காரணத்தை நம் ஊர்ச் சுவர்களில் படிக்கலாம். ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற விளம்பரம் இல்லாத பேருந்து நிலையம் தமிழ்நாட்டில் உண்டா? மலத்தில் ரத்தம் வந்தால் அது மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். வெட்கம் வேறு வாயைக் கட்டிப்போடுகிறது. மாதக்கணக்கில் லேகியம், மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு என்று ஓடிய பிறகு, உடம்பு மெலிந்து சோர்ந்த நிலையில் நிபுணரிடம் வருகிறார்கள். நம் நாட்டில் மலக்குடல் புற்றுநோயின் பங்கு அதிகம். இளவயதினரிடமும் அது கணிசமாகக் காணப்படுகிறது. அவற்றில் பலவற்றை, ஒரு மருத்துவர் கையுறை மாட்டி விரலால் சோதித்தாலே சந்தேகிக்க முடியும். அந்தப் பரிசோதனைக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.

ஏஐ வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. பயிற்சி மருத்துவர்களுக்கு இது நல்ல துணை ஆகலாம், ஒரு நிபந்தனையோடு: முதல் பார்வை அவர்களுடையதாக இருக்க வேண்டும். போலந்து ஆய்வு எத்தனை குறைகள் உடையதாக இருந்தாலும், கருவியை அணைத்துவிட்டும் வேலை செய்யத் தெரிய வேண்டும் என்ற எச்சரிக்கையைப் புறந்தள்ள முடியாது. அனுபவசாலிகளுக்கே சரிவு வரலாம் என்றால், தொடக்கத்திலிருந்தே கட்டத்தைப் பார்த்துக் கற்றவருக்கு எதைச் சரிவு என்று அளப்பது? வாரத்தில் சில நாள் கருவி இல்லாமல் செய்து, இரண்டு விகிதங்களையும் ஒவ்வொரு மையமும் பதிந்து வைக்கலாம். செலவில்லாத காரியம்.

அந்தப் பதிவுதான் நம்மிடம் இல்லாதது. அமெரிக்கச் சங்கங்கள் 2024-ல் 45 வயதுக்கு மேற்பட்டோரிடம் அடினோமா கண்டறியும் விகிதம் குறைந்தது 35% இருக்க வேண்டும், குழாயைப் பின்னிழுக்கும் நேரம் சராசரியாக 8 நிமிடமாவது இருக்க வேண்டும் என்று அளவுகோலை உயர்த்தின. நம்மிடம் அடினோமா குறைவு என்பதால் அந்த 35%-ஐ அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. நமக்கான எண்ணை நம் மருத்துவர்கள்தாம் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும். 8 நிமிடத்தை இறக்குமதி செய்ய எந்தத் தடையும் இல்லை. ஏஐ கருவி வாங்கும் அரசு மருத்துவக் கல்லூரியும் தனியார் மருத்துவமனையும், வாங்குவதற்கு முந்தைய ஓராண்டின் விகிதத்தையும் பிந்தைய ஓராண்டின் விகிதத்தையும் வெளியிட வேண்டும் என்று மருத்துவத் துறை நிபந்தனை போடலாம்.

கொலோனோஸ்கோப்பிக்கு நாள் குறித்திருக்கும் வாசகர்களுக்கும் வேலை உண்டு. கீரை, கொய்யா, தக்காளி விதை வேண்டாம் என்று சொன்னால் அதைக் கடைப்பிடியுங்கள். உப்புக்கரிக்கும் அந்தப் பவுடர் தண்ணீரை, குமட்டினாலும் சொன்ன நேரத்தில் சொன்ன அளவு குடித்து முடியுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது ஏஐ இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. அதற்கு முன், நூறு பேரைப் பார்த்தால் எத்தனை பேருக்கு அடினோமா கண்டுபிடிக்கிறீர்கள், குழாயைப் பின்னிழுக்க எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள். கணக்கு வைத்திருக்கும் மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.